மூன்று நிமிடம் பன்னிரண்டுக்குப் பிறகு

நாடா பிசுபிசுத்திருந்தது.
தூர்க்கு துறைமுகக் கிடங்கில்
நாற்பத்தைந்து வருஷம் கிடந்தால்
எதுதான் பிசுபிசுக்காது.
காளான் உலர்த்தும் பெட்டியில்
ஐம்பத்து நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம்
சைமா ரவாந்தியின் குரலைக் காயவைத்தேன்.
(அதே தட்டில்தான் செப்டம்பரில்
என் மனைவி காளான் பரப்புவாள்.
அவளுக்குச் சொல்லவில்லை.)

கம்பெனி மூன்று முறை கைமாறிவிட்டது.
இன்றைய முதலாளிக்கு
அவர் பெயரை உச்சரிக்கவே வராது.
ஆனாலும் ஒரு தொகுப்பு வேண்டுமாம்:
‘சைமா: வெற்றிப் பாடல்கள் இருபது.’
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
வெற்றி என்று சொல்லத் தக்கது ஒன்று.
பன்னிரண்டாம் இடம், இரண்டு வாரம்.
பிறகு பனிச்சறுக்கு வீரன் ஒருவனைப் பற்றிய பாட்டு
முழங்கையால் இடித்து உள்ளே வந்தது.
மற்ற பத்தொன்பதும்
வானொலி நிலைய வாசல்வரை போய்
காலணி கழற்றாமலே திரும்பியவை.

இரவெல்லாம் கேட்டேன்.
அழ வேண்டிய வரியை இவள்
மீன் என்ன விலை என்பதுபோலப் பாடுகிறாள்.
விலை கேட்டுவிட்டு, வாங்காமல் நகர்கிறாள்.
அழுவது நம் வேலையாகிவிடுகிறது.
ஏழாவது பாட்டில் நாற்காலி ஒன்று முனகுகிறது.
ஒன்பதாவதன் முடிவில் “சரியா இருந்துச்சா?” என்கிறாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
நாடா மட்டும் ஓடுகிறது.

அந்த ஒரே வெற்றிப் பாட்டு
இசைத்தட்டில் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி.
கோரஸ் சுற்றிச் சுற்றி வரும்போதே
குரலை இறக்கி இருட்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.
மூல நாடாவில் அவள் நிறுத்தவில்லை.
வாத்தியங்கள் ஒவ்வொன்றாய்க் கை விட,
டிரம்காரன் மட்டும் கூட வர,
இன்னும் ஐம்பது விநாடி
சொல்லில்லாமல், எங்கோ மேலே,
கம்பெனி கேட்காத ஓர் இடத்தில்
பாடிக்கொண்டே இருக்கிறாள்.
நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.
ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவரே வந்தார்.
எழுபத்து மூன்று வயது.
பனி உதறி, பூட்ஸ் கழற்றி,
கம்பளிச் சாக்ஸோடு உட்கார்ந்து
காப்பி கேட்டார், இரண்டு தடவை.
பாடல்கள் அவருக்கு நினைவில்லை.
அன்று கால் கடித்த செருப்பு நினைவிருந்தது.
பதினான்காவதைக் கேட்டு,
“இந்தப் பொண்ணு பரவாயில்லையே” என்றார்.

பிறகு அந்த ஐம்பது விநாடியைப் போட்டேன்.
கோப்பையைக் கீழே வைத்தார்.

“பதினோரு வருஷம்,” என்றார்,
“ஸ்டாக்ஹோம் போகிற கப்பலில்
சூதாட்ட மெஷினுக்கும் மதுக்கடைக்கும் நடுவில்
தினமும் இதைப் பாடினேன்.
தட்டில் முடிவே இல்லாத பாட்டு.
மேடையில் எப்படி மங்கிப்போவது?
வாத்தியக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.
நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.
நல்லவேளை, ஒலிபெருக்கியில்
அடுத்த துறைமுகம் வந்துவிட்டது என்பார்கள்.
உடனே குனிந்து வணங்கிவிடுவேன்.”

“இம்முறை முழுசாக விடலாமா?
கேட்கட்டுமே எல்லாரும்.”

வெகுநேரம் யோசிக்கவில்லை.
“வேண்டாம். அவர்கள் கேட்காதபோது பாடியது.
அது என்னுடையது.”

சொல்லிவிட்டு, கேட்காமலே
தன் விரலை என் பலகையின் மேல் வைத்தார்.
நகத்தில் சிவப்புச் சாயம், பாதி உதிர்ந்தது.
நான் பாட்டை ஓடவிட்டேன்.
மூன்று பன்னிரண்டு வந்தது.
விரல் அசையவில்லை.
பிறகு மெல்ல,
தூங்குகிறவர் இருக்கும் அறைக்கதவைச்
சாத்துவதுபோல இறக்கினார்.

மூன்று நிமிடம் இருபத்து மூன்று.

பதினோரு விநாடி கூடுதல்.
கம்பெனி கவனிக்கவில்லை.
விமரிசனம் எழுதிய ஒரே ஆளும் கவனிக்கவில்லை;
அட்டைப்படத்தின் நீலம் அழகு என்றிருந்தார்.

மிச்சம் முப்பத்தொன்பது விநாடி
என் அலமாரியில் இருக்கிறது,
பெயர் எழுதாத டப்பாவில்.
இந்த வருஷக் காளானில்
ஏதோ ஒரு வாடை என்கிறாள் மனைவி.
பழைய பிளாஸ்டிக் மாதிரியாம்.
ஆமாம், என்று
இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.